1 யோவான் 5:7 நீக்கப்பட்ட வசனம் அல்ல

சகோதரரே, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவ உபதேசத்தை ஒழிக்கவே வேதாகமத்தின் புதிய மொழிபெயர்ப்புகள் 1 யோவான் 5:7-ஐ நீக்கிவிட்டன என்று தாங்கள் எழுதியிருப்பது சரியல்ல. பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைப் பற்றிய அந்த வரி, சென்னையில் நம் சபைகள் பலவற்றில் வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலில் இருப்பது உண்மைதான். ஆனால் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் எனப்படும் கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் அது இல்லை. லத்தீன் மரபில் வழங்கிவந்த அவ்வரியை, எராஸ்மஸ் என்னும் அறிஞர் 1516, 1519 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்புகளில் சேர்க்கவில்லை. அதை உடைய கிரேக்கப் பிரதி ஒன்று, அதுவும் அவர் காலத்திலேயே எழுதப்பட்டதாக அறிஞர் பலர் கருதும் ஒன்று, கிடைத்த பிறகே 1522-இல் சேர்த்தார். அதே ஆண்டு வெளியான ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் சபைச் சீர்திருத்தவாதியான லூத்தரும் அதை விட்டுவிட்டார். அவரைத் திரித்துவத்தின் விரோதி என்று யாராவது சொல்வார்களா? குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்று போதித்த ஆரியுவை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடிய நான்காம் நூற்றாண்டு ஆயர் அதனாசியுவும், இந்த வரியை அல்ல, யோவான் 10:30, மத்தேயு 28:19 போன்ற வசனங்களை நம்பியே வாதிட்டார். வாலிபர் கூட்டத்தில் இந்தக் குற்றச்சாட்டைப் பகிர்வதற்கு முன், புதிய மொழிபெயர்ப்பு ஒன்றின் அடிக்குறிப்பை ஒருமுறை வாசித்துப் பார்க்கும்படி அன்புடன் வேண்டுகிறேன்.