சுவர் கட்டுங்கள், வரத்துக்காலை விடுங்கள்

நேற்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பார்க்காதவர்களுக்கு: ஊருணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலை மறித்து, ஒரு தோப்புக்காக எழும்பியிருக்கும் புதுச் சுவரைப் படம் எடுத்துப் போட்டேன். பதிலுக்கு எனக்கு "வயித்தெரிச்சல் புடிச்சவன்" என்று பட்டம்.

திரும்பவும் சொல்கிறேன். உங்கள் இடத்தில் சுவர் கட்டுங்கள், வேலி போடுங்கள், கோட்டையே எழுப்புங்கள். தண்ணீர் வரும் வழியை மட்டும் அடைக்காதீர்கள்.

"அனுமதி வாங்கித்தான் கட்டினோம்" என்கிறார்கள். சந்தோஷம். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி வாங்கும் அனுமதி, கட்டுமானத்துக்குத்தான். அந்தத் தாளைக் காட்டினால் வாய்க்கால் புறம்போக்கு பட்டா ஆகிவிடாது. புறம்போக்கை வளைத்தால் நோட்டீஸ் கொடுத்து அகற்ற 1905-லேயே சட்டம் போட்டாயிற்று. சரி, வரத்துக்கால் ஓடுவது பட்டா நிலத்தில்தான் என்றே வைத்துக்கொள்வோம். 20 வருடம் உரிமையோடு, தடையில்லாமல் தண்ணீர் ஓடிய வழியை இஷ்டத்துக்கு அடைக்க முடியாது. அடுத்தவர் நிலத்தின் மீதான வழி, தண்ணீர் உரிமைகளைச் சொல்லும் 1882-ஆம் வருட ஈஸ்மென்ட் சட்டத்தை வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள்.

"பன்றி வருதே, விவசாயி என்ன செய்வான்?" என்று ஒரு தம்பி. பன்றிக்குக் கல்லுக்கால் நட்டுக் கம்பி வலை கட்டினால் போதாதா? எட்டடி ஹாலோ பிளாக் எதற்கு? தோப்புக்குள் பயிர் என்று ஒரு கீரைப்பாத்திகூட இல்லை, அது வேறு கதை.

எங்கள் அப்பத்தா கொல்லைக்குக் கிளுவை வேலிதான். மழை விழுந்ததும் போத்தை வெட்டி ஊன்றுவார், தளிர்த்துவிடும். வாய்க்கால் குறுக்கே போகிற இடத்தில் மட்டும் முள்ளைத் தூக்கிக் கட்டி, கீழே முழ உயரம் விட்டிருப்பார். ஆடு புகுந்து கத்தரியைத் தின்றாலும் அதை மட்டும் அடைக்க விடமாட்டார். ஆட்டுக்காரரோடு சண்டை போடுவது தனி. அப்பத்தாவுக்கு எந்த விதியும் தெரியாது, கையெழுத்தே போடத் தெரியாது.

அரண்மனை மாதிரி வீடு கட்டியவர்கள்கூட, ஊருணிக்குத் தண்ணீர் போகவேண்டும் என்று தெருவுக்கே வாட்டம் பார்த்துப் போட்ட சீமை இது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன என்று பெருமை பேசுகிறோம். போன மழைக்கு அந்தச் சுவரடியில் முழங்கால் அளவு தண்ணீர், மேலே செருப்பும் பிளாஸ்டிக் பாட்டிலும் மிதக்கின்றன. இந்தப் பக்கம் ஊருணிப் படிக்கட்டு காய்ந்து கிடக்கிறது. அதையும்தான் படம் எடுத்துப் போட்டேன். அதற்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"மதுரையில் உட்கார்ந்துகொண்டு உனக்கென்ன ஊர்க் கவலை?" என்று கேட்டவர் யார் தெரியுமா? போன வைகாசியில் அவர் வீட்டுக் கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிப் பந்தி பரிமாறினேன். அன்றைக்கு நான் ஊர்க்காரன். திருவிழா வரி கேட்கும்போதும் ஊர்க்காரன். சுவரைப் பற்றிப் பேசினால் மதுரைக்காரன்.

அண்ணே, சர்வேயரைக் கூப்பிடுங்கள். நில அளவைப் படமான எஃப்எம்பியை விரித்து, சங்கிலி போட்டு அளக்கட்டும், பணத்தை நானே கட்டுகிறேன். அதைச் சொன்ன பிறகுதான் குழுவிலிருந்து என்னைத் தூக்கினீர்கள். இங்கே தூக்க முடியாது, பிளாக்தான் பண்ண முடியும். தாராளமாகப் பண்ணிக்கொள்ளுங்கள்.