தரையில் கால் ஊன்றுவதில்லை
ஆர்ட்டிஸ்டிக் நீச்சல் (இசைக்கு ஏற்ப நீரில் குழுவாக ஆடும் விளையாட்டு) பற்றி, "அமெரிக்காவின் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகப் பெண்கள் நீச்சல்குளத்துத் தரையில் நின்றுதான் ஒருத்தியைத் தூக்கி வீசுகிறார்கள், இதெல்லாம் விளையாட்டா?" என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். தரையை உதைத்து எழும்பினால் மதிப்பெண்ணை வெட்டிவிடுவார்கள் சார். மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை அடக்கி நீருக்குள் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி நின்று, முட்டை அடிக்கும் கருவி மாதிரி இரண்டு காலையும் எதிரெதிராகச் சுழற்றித்தான் கீழே இருப்பவர்கள் அந்த விசையைக் கொடுக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு மட்டும்தான் தெரியும்!

அப்புறம், அவர்களை 'என்.சி.ஏ.ஏ. சாம்பியன்' (என்.சி.ஏ.ஏ. என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) என்று சொல்வதும் சரியில்லை. இந்த விளையாட்டுக்கு என்.சி.ஏ.ஏ. சாம்பியன்ஷிப்பே நடத்துவதில்லை. அமெரிக்க ஆர்ட்டிஸ்டிக் நீச்சல் அமைப்புதான் தேசியக் கல்லூரிப் போட்டியை நடத்துகிறது. ஓஹையோ ஸ்டேட் 30க்கும் மேற்பட்ட தேசியப் பட்டங்கள் வாங்கியது மட்டும் உண்மை.