அந்த வலையை எடுத்தாச்சா?

நேற்று எங்கள் மெல்பர்ன் கேம்பிங் குழுவில் வந்த படத்தைப் பற்றித்தான். பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓடைக்குள் ஓபரா ஹவுஸ் வலை, அதாவது எல்லாப் பக்கமும் மூடிய கூண்டு வலை. கரையில் ஒரு வாளி யாபி, கொடுக்குள்ள நன்னீர் இறால். "அண்ணா, இது தடை செய்த வலை, உடனே எடுத்துடுங்க" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். பாடம் எடுக்காதே என்றார்கள். ராத்திரி குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

சரி, இங்கே எழுதுகிறேன். அந்த வலைக்குள் போகிற பிளாட்டிபஸ், வாத்து மாதிரி அலகுள்ள நீர்ப்பிராணி, மூச்சுமுட்டிச் சாகும்.

அது மீன் இல்லை. முட்டையிட்டாலும் குட்டிக்குப் பால் கொடுக்கும் பிராணி. நம்மைப் போல நுரையீரலில் காற்று வேண்டும். முழுகும்போது கண், காது, மூக்கு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, இரை அசையும்போது எழும் மெல்லிய மின்சாரத்தை அலகால் உணர்ந்து தேடும். வலைக்குள் யாபி துள்ளினால் அங்கேதான் போகும். உள்ளே போக வழி உண்டு, மேலே வர வழி இல்லை. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

போன வருடம் மகளோடு ஆட்வே காட்டு எலிசபெத் ஏரிக்கு விடியுமுன் போயிருந்தேன். குளிரில் வெகுநேரம் நின்ற பிறகு நாலைந்து குமிழிகள், அப்புறம் ஈரமான பழுப்பு முதுகு. மிதந்தபடியே கன்னத்தில் அடக்கி வந்ததை மென்றது. முதுகை வளைத்து மறுபடி முழுகியதும் மகள் எண்ண ஆரம்பித்தாள். முப்பத்தெட்டில் மேலே வந்தது. நேற்று படத்தைப் பார்த்ததும் அவள் எண்ணிய குரல்தான் காதில். நூறைத் தாண்டியும் நிற்கவில்லை.

"ஒரு வலையால என்ன ஆகும்?" 2018இல் நம் விக்டோரியா மாநிலத்து லாபர்டூஷ் ஓடையில் இதே மாதிரி வலைகளில் ஏழு பிளாட்டிபஸ் செத்துக் கிடந்தன. ஒரு தாய் வருடத்துக்கு இடுவதே பெரும்பாலும் இரண்டு முட்டை. ஏழு போனால் அந்த ஓடை எப்போது மீளும்?

"தனியார் நிலம்தானே?" 2019 ஜூலை 1 முதல் விக்டோரியாவில் தனியார் குட்டையிலும் இந்த வலை கூடாது. மேல்பக்கம் திறந்த வளைய வலை போடுங்கள், யாபி கிடைக்கும்.

"அணை கட்டுறவங்களைக் கேளு, கரை மரத்தை வெட்டுறவங்களைக் கேளு." நியாயம்தான், அதுவும் கொல்கிறது. ஆனால் அணையை என்னால் இடிக்க முடியாது. வலையை இன்று சாயங்காலமே எடுக்கலாம்.

"வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா" என்றதுதான் தாங்கவில்லை. வாய்க்காலில் பறி வைத்த குடும்பம் எங்களுடையது. ஒருநாள் பறிக்குள் ஆமை ஒன்று செத்து ஊறிக் கிடந்தது. தாத்தா அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. அதன்பிறகு பறியின் தலை தண்ணீருக்கு மேலே நிற்கிற மாதிரிதான் வைப்பார். அவருக்கு எந்த வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்தான்?

பன்னிரண்டு வருடப் பழக்கம். என் வீட்டில் சாப்பிட்டவர்கள்தான் நீக்கியிருக்கிறீர்கள். திரும்பச் சேர்க்க வேண்டாம். அந்த வலை இன்னும் தண்ணீரில் கிடக்கிறதா, எடுத்தாச்சா? அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.