எங்க டி-ஷர்ட்ல உங்களுக்கு எதுக்குய்யா கால் பங்கு?

நேற்று ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு, கச்சேரி முடிந்த காலி ஹாலில், பிசுபிசுத்த தரையில் உட்கார்ந்து கறுப்பு டி-ஷர்ட் எண்ணிக்கொண்டிருந்தேன். மீடியம் பதினொன்று, லார்ஜ் ஆறு, எக்ஸ்எல் நாலு. அரங்கத்துக்காரர் ஒருவர் கையில் அட்டையும் பேனாவுமாகத் தலைக்கு மேலே நின்று, நான் எண்ணுவதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கால்குலேட்டரைத் தட்டினார். விற்ற தொகையில் 25 சதவீதத்தை எங்கள் கல்லாவிலிருந்து எண்ணி வாங்கி உறையில் போட்டுக்கொண்டு, "நல்ல ஷோ மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்னும் வயிறு எரிகிறது. கொட்டித் தீர்க்காமல் தூக்கம் வராது.

ஹார்ட்கோர், மெட்டல் என்கிற முரட்டு ராக் இசை பேண்டுகளோடு வேனில் ஊர் ஊராகப் போய் மெர்ச், அதாவது பேண்டின் பெயர் போட்ட பொருள்கள், விற்பது என் வேலை. டி-ஷர்ட், ஹூடி, சட்டையில் தைக்கும் பேட்ச், எல்பி இசைத்தட்டு, கேசட். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நானும் மோஷ் பிட்டில், அதாவது மேடைக்கு முன்னால் இடித்துக்கொண்டு ஆடும் கூட்டத்தில், முழங்கையால் இடி வாங்கி, கீழே விழுந்து, முகம் தெரியாத நாலு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்ட ஆள்தான். அந்த நாலு பேர் தூக்கிவிட்டதற்காகவே இந்தக் கூட்டத்தை விட்டுப் போகாமல் இருக்கிறேன். இப்போது ஹாலின் பின்சுவரோரம், டாய்லெட் கதவுக்குப் பக்கத்தில், காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு நிற்கிறேன். உயிருக்கு உயிரான பேண்ட் மேடையில் வாசிக்கும் மொத்த செட்டையும் ஜனங்களின் முதுகைப் பார்த்தபடியே கேட்டு முடிக்கிறேன். அதைப் பற்றி எனக்குக் குறை கிடையாது, விரும்பி எடுத்துக்கொண்ட வேலை. ஆனால் ராத்திரி நடக்கும் இந்த வசூல் இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேஜையில் நீங்கள் வாங்கும் டி-ஷர்ட்டின் காசு முழுக்கப் பேண்டுக்குப் போகிறது என்று நினைத்துத்தானே வாங்குகிறீர்கள்? போவதில்லை. நிறைய அரங்குகள் அதில் கமிஷன் பிடிக்கின்றன. துணி வகைக்கு 20, 25 சதவீதம், எல்பி, சிடி என்றால் கொஞ்சம் குறைவு. அதையும் லாபத்தில் பிடிப்பதில்லை, விற்ற மொத்தத் தொகையில் பிடிக்கிறார்கள். இங்கேதான் அடி விழுகிறது. சட்டை விலையை நூறு பங்காக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பேண்டின் கணக்கில், கனமான துணியில் முன்னும் பின்னும் பிரின்ட் போட்டு எடுக்கவே 35 போய்விடுகிறது. படம் வரைந்தவருக்கு 5. கார்டு மெஷின்காரனுக்கு 3. விற்கிற எனக்கு 10. அரங்குக்கு 25. மிச்சம் 22. அந்த 22-ஐத்தான் ஐந்து பேர் பங்கு போட வேண்டும், வேனுக்கு டீசல் அடிக்க வேண்டும், அறுந்த கம்பிக்கும் உடைந்த சிம்பலுக்கும் செலவழிக்க வேண்டும். பாட்டு எழுதி, ஒத்திகை பார்த்து, எட்டு மணி நேரம் வேனில் முட்டி மடக்கி உட்கார்ந்து வந்தவனுக்கு 22. அந்தச் சட்டையை மடித்துக்கூட வைக்காதவனுக்கு 25. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

எண்ணுகிற முறையைக் கேட்டால் இன்னும் எரியும். மத்தியானம் லோட்-இன் ஆனதும், அதாவது வேனிலிருந்து சாமான் இறக்கி உள்ளே வைத்ததும், பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு டிசைனிலும் ஒவ்வொரு சைஸ் எத்தனை என்று தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ராத்திரி மறுபடி எண்ண வேண்டும். குறைந்ததெல்லாம் விற்றதாகக் கணக்கு. யாராவது ஒரு சட்டையை உருவிக்கொண்டு போயிருந்தால்? அதுவும் விற்றதாகத்தான் கணக்கு! பறிகொடுத்த சட்டைக்கும் நாங்கள் கமிஷன் கட்டியிருக்கிறோம். ஒரு முறை பிட்டில் ஒரு பையனுக்கு மூக்கு உடைந்து சட்டை முழுக்க ரத்தம். எங்கள் டிரம்மர் ஓடி வந்து மேஜையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மாட்டிவிட்டான். அதைத் தாளில் எழுத மறந்துவிட்டேன். அதற்கும் 25 சதவீதம் பிடித்தார்கள். காரணம் சொன்னேன். "தாள்ல இல்லையே" என்றார்கள்.

"டி-ஷர்ட்தானே, போனால் போகட்டும், பாட்டை வைத்துச் சம்பாதியுங்கள்" என்று ஒருவர் அறிவுரை சொன்னார். எந்தப் பாட்டை வைத்து ஐயா? 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது ஓடினால்தான் அதற்குப் பைசா கணக்கே ஆரம்பிக்கும். ஒன்றரை நிமிட ஹார்ட்கோர் பாட்டு பதினாறு போட்டு ஆல்பம் விடுகிற பேண்டுகள் எங்களுடையவை. பாதிப் பாட்டு அந்த ஆயிரத்தைத் தொடாது. தொட்டாலும் வருவது யானைப் பசிக்குச் சோளப்பொரி. சரி, வாசல் வசூல், அதாவது டிக்கெட் காசு? ஹால் வாடகை, சவுண்ட்காரர் சம்பளம், பாதுகாப்பு ஆட்கள், விளம்பரம் எல்லாம் கழித்த பிறகுதான் பேண்டின் பங்கு என்ற பேச்சே வரும். முதலில் மேடையேறும் பேண்டுக்குப் பல ராத்திரி டீசல் காசுகூடத் தேறாது. அவர்களை அடுத்த ஊருக்குக் கொண்டு சேர்ப்பது அந்த மேஜையில் விற்கிற நாலு சட்டைதான். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பணத்தை எண்ணி டிரைவர் கையில் கொடுப்பதே நான்தான்.

இன்னொரு கொடுமை, விலையை ஒன்றாக வைக்கச் சொல்வது. ஹெட்லைனர், அதாவது அன்றைய பெரிய பேண்டின், சட்டை என்ன விலையோ அதே விலைக்குத்தான் முதலில் மேடையேறும் ஓப்பனிங் பேண்டும் விற்க வேண்டும் என்று பல இடத்தில் நிபந்தனை. நாங்கள் குறைத்துக் கொடுக்கத் தயார். கொடுக்க விடமாட்டார்கள். மேஜைக்கு வருகிறவருக்கு இது எப்படித் தெரியும்? அவர் முகத்துக்கு நேரே நிற்பது நான். "இந்தப் பேண்டும் காசாசை பிடிச்சுப் போச்சு" என்று என் காது படவே சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த வார்த்தை 25 சதவீதத்தைவிட வலிக்கிறது.

இந்த இசை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிளாக் சபாத் பேண்டின் கிட்டார்க்காரர் டோனி அயோமி, இங்கிலாந்தின் பர்மிங்காம் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தபோது மெஷினில் மாட்டி வலது கையின் இரண்டு விரல் நுனியை இழந்தவர். அவர் இடது கைப் பழக்கக்காரர், கம்பியை அழுத்த வேண்டிய விரல்களே போய்விட்டன. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு கிட்டார் எடுத்தார். 1970-இல் பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வந்தது அந்தக் கையிலிருந்து. வாஷிங்டனில் 1980-இல் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற ஹார்ட்கோர் ரெக்கார்ட் கம்பெனியை ஆரம்பித்த பையன்கள் இசைத்தட்டின் அட்டை உறையைத் தாங்களே வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். ஒருவன் காலைப் பிடிக்காமல், நம் கையால் நாமே செய்து நம் ஆட்களுக்கு நேரே விற்பது, இதுதான் ஹார்ட்கோரின் அஸ்திவாரம். செய்கிற கைக்கும் வாங்குகிற கைக்கும் நடுவில் ஒருத்தன் உறையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

"அந்த டிஸ்கார்டின் ஃபுகாஸி பேண்ட் டி-ஷர்ட்டே விற்கவில்லையே" என்று இதற்கும் பதில் வைத்திருப்பார்கள். ஆமாம், விற்கவில்லை. டிக்கெட்டும் ஐந்து டாலர் சுற்றுவட்டத்திலேயே வைத்திருந்தார்கள். தலை வணங்குகிறேன். ஆனால் அவர்களுக்கு வாசல் காசு நேர்மையாகக் கைக்கு வந்தது, ரெக்கார்ட் விற்றது, அந்த ரெக்கார்ட் கம்பெனியும் தங்கள் கையில் இருந்தது. இன்றைக்கு ரெக்கார்டும் விற்காமல் வாசலும் கிடைக்காமல் நிற்கிற பிள்ளைகளிடம் போய் ஃபுகாஸி பாடம் நடத்தாதீர்கள்.

அரங்கத்தார் சொல்லும் நியாயங்களையும் கேட்டிருக்கிறேன். இடம் தருகிறோம், மேஜை தருகிறோம், விளக்கு தருகிறோம். எந்த மேஜை? வேனில் வருகிற மடக்கு மேஜை என்னுடையது. சட்டை மாட்டும் கம்பி வலை என்னுடையது. கிளிப் விளக்கு என்னுடையது. எக்ஸ்டென்ஷன் ஒயர்கூட என்னுடையதுதான். நீங்கள் கொடுத்தது ஒரு பிளக் பாயின்ட். பேண்டுகள் நேரே விற்கும் இணையக் கடையான பேண்ட்கேம்ப் வருஷம் முழுக்கக் கடை திறந்து வைத்து, உலகம் முழுக்க வாங்க வழி செய்து, பொருளுக்கு 10 சதவீதம் பங்கு எடுக்கிறது. நாலு மணி நேரத்துக்குச் சுவரோரம் ஆறடி இடம் கொடுத்ததற்கு உங்களுக்கு 25-ஆ?

சின்ன அரங்குகள் தள்ளாடுகின்றன என்பது எனக்கும் தெரியும். கரண்ட் பில் ஏறிவிட்டது, வாடகை ஏறிவிட்டது, நான் கூத்தாடி வளர்ந்த ஹால்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. ஒவ்வொன்று மூடும்போதும் அழுதிருக்கிறேன். அந்தச் செலவை டிக்கெட்டில் ஏற்றுங்கள், ஹால் வாடகையில் வெளிப்படையாகப் போடுங்கள், ஜனங்களுக்குத் தெரிந்து வாங்குங்கள். யாருக்கும் தெரியாமல் பாதி ராத்திரியில் சட்டைக் கல்லாவில் கை விடாதீர்கள்.

இதைவிடப் பெரிய நியாயம் ஒன்று இருக்கிறது. எங்கள் பேண்டைப் பார்க்கத்தான் ஐந்நூறு பேர் வந்தார்கள். வேர்க்க விறுவிறுக்க ஆடி, தொண்டை காய்ந்து, செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே உங்கள் பாருக்கு ஓடினார்கள். அந்த வருமானத்தில் எங்களுக்கு என்றைக்காவது ஒரு சதவீதம் கொடுத்திருக்கிறீர்களா? பார் உங்களுடையது, அதனால் காசு உங்களுடையது. ஒத்துக்கொள்கிறேன். சட்டை எங்களுடையதாச்சே! அது மட்டும் எப்படிப் பொதுச் சொத்து ஆனது?

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. பிரிட்டனில் ஃபீச்சர்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கோயலிஷன் என்ற கலைஞர் அமைப்பு 2022-இல் மெர்ச்சில் கமிஷன் பிடிக்காத அரங்குகளைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. சின்னச் சின்ன ஹால்கள் அதில் தாங்களாகவே போய்ப் பெயர் சேர்த்துக்கொண்டன. 2023 செப்டம்பரில் பெரிய கச்சேரிக் கம்பெனியான லைவ் நேஷனே தன் கிளப் அரங்குகளில் இந்த வசூலை நிறுத்துவதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய கம்பெனியாலேயே அப்படி அறிவிக்க முடிந்தது என்றால் மற்றவர்களுக்கு என்ன கேடு? கமிஷன் பிடிக்காத ஹாலுக்குப் போகும் நாளில் எனக்கே வித்தியாசம் தெரியும். விலையைக் குறைத்து எழுதி ஒட்டுவேன். இருக்கிற பெட்டி காலியாகும். ஓப்பனிங் பேண்ட் பையன்கள் முகத்தில் சிரிப்பு இருக்கும்.

நேற்று ராத்திரி அப்படி இல்லை.

இரண்டாவது பேண்ட் முடிந்ததும் ஒரு பையன் வந்தான். பதினாறு வயது இருக்கும். கன்னமெல்லாம் சிவந்து, சட்டை உடம்போடு ஒட்டி, ஒரு ஷூவில் லேஸ் இல்லை. அந்தப் பேண்டின் ஒரே ஒரு மீடியம் தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பாக்கெட்டிலிருந்து கசங்கிய நோட்டையும் சில்லறையையும் மேஜையில் கொட்டி எண்ணினான். மறுபடி எண்ணினான். அடுத்த செட்டுக்கு வாத்தியங்களைச் சோதித்து லைன் செக் பண்ண ஆரம்பித்துவிட்டார்கள், கிக் டிரம் ஒவ்வொரு அடிக்கும் சில்லறை மேஜையில் துள்ளுகிறது.

"அக்கா, போன தடவை இதைவிடக் கம்மியா இருந்துச்சே?"

"இருந்துச்சுடா தம்பி."

"இப்ப ஏன்?"

அவனுக்கு நான் என்ன சொல்வது? அரங்கத்தாரின் கமிஷன் எழுதும் செட்டில்மென்ட் தாளைக் காட்டவா? காசைத் திரும்ப வாரி எடுக்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தி, இருக்கிறதைக் கொடு என்று வாங்கிக்கொண்டு சட்டையைச் சுருட்டிக் கையில் வைத்தேன். அங்கேயே, மேஜைக்கு முன்னாலேயே, ஈரச் சட்டைக்கு மேலே அதை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடிவிட்டான்.

குறைந்த காசை என் பையிலிருந்து எடுத்துக் கல்லாவில் போட்டேன். போடாவிட்டால் ராத்திரி கணக்கு இடிக்கும். தாளில் அந்தச் சட்டை முழு விலைக்கு விற்றதாகத்தான் இருக்கிறது. நான் போட்ட காசிலும் 25 சதவீதம் அந்த உறைக்குள் போய்விட்டது.

இன்றைக்கு அடுத்த ஹால். மூன்று மணிக்கு லோட்-இன். துணிக்கு 25 என்று ஏற்கெனவே மெயில் வந்திருக்கிறது. ராத்திரி அட்டையும் பேனாவுமாக வந்து நிற்பார்கள். இந்த முறை பெட்டியைப் பிரிக்கும் முன்னால் சொல்லப்போகிறேன்: உங்க பார் கணக்கையும் எடுத்துட்டு வாங்க, ரெண்டையும் சேர்த்து எண்ணுவோம்.