பாதியில் எழுந்து போனவர்களையும் கணக்கில் சேருங்கள்

முன்னாள் ராணுவ வீரர்களின் பிடிஎஸ்டிக்கு, அதாவது போர் போன்ற கொடூர அனுபவத்துக்குப் பின் வரும் மனநலப் பாதிப்புக்கு, புதிய சிகிச்சை என்று யாராவது செய்தி பகிர்ந்தால், எத்தனை பேர் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். செய்தியில் அது இருக்காது.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் துறை அதிகம் நம்புவது இரண்டு பேச்சு சிகிச்சைகளை. ஒன்று, புரொலாங்டு எக்ஸ்போஷர். கண்ணை மூடி, குண்டு வெடித்த அந்த நாளை இப்போது நடப்பதுபோல வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதைப் பதிவு செய்து கொடுப்பார்கள். வீட்டில் தினமும் அதையே கேட்க வேண்டும். கூட்டமான கடைக்குப் போய், பயம் அடங்கும்வரை அங்கேயே நிற்பதும் வீட்டுப்பாடம்தான். மற்றது சிபிடி (காக்னிட்டிவ் புராசஸிங் தெரபி). 'வேறு பாதையில் போகச் சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்' போன்ற எண்ணங்களைத் தாளில் எழுதி, அது உண்மையா என்று கேள்வி கேட்பது.

இரண்டையும் 916 பேரிடம் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வந்தது. முதலாவது கொஞ்சம் மேல், ஆனால் சிகிச்சையில் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: முதலாவதை முடிக்காதவர்கள் சுமார் 56 சதவீதம், சிபிடியில் 47. ஏறக்குறைய பாதிப்பேர்! முடித்தவர்களை மட்டும் எண்ணினால் எந்த சிகிச்சையும் ஜோராகத்தான் தெரியும்.

'முன்னேற்றம்' என்பதையும் கவனிக்க வேண்டும். ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் 2015இல் வந்த மதிப்பாய்வின்படி, இந்தச் சிகிச்சைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அறிகுறிகள் நன்றாகவே குறைந்தன. அதே ஆய்வுகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு சிகிச்சைக்குப் பிறகும் பிடிஎஸ்டி இருந்தது. இரண்டும் உண்மை. எதைத் தலைப்பாக்குவது என்பது எழுதுபவர் கையில்.

மருந்து மட்டும் என்ன வாழ்ந்தது? கெட்ட கனவுகளுக்குப் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரை சிறிய ஆய்வுகளில் நம்பிக்கை தந்தது. 304 வீரர்களிடம் பெரிதாகச் சோதித்து 2018இல் வெளியிட்டபோது வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. எம்டிஎம்ஏ என்ற போதைப்பொருளை பிடிஎஸ்டிக்கு மருந்தாக்கக் கேட்டபோது, மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ 2024 ஆகஸ்டில் ஏற்கவில்லை. போதை ஏறினால் எது மருந்து என்று சாப்பிட்டவருக்கே தெரிந்துவிடுமே, அப்புறம் ஒப்பீடு எப்படி?

சரி, விட்டுப்போனவர்கள் எல்லோரும் தோற்றவர்களா? இல்லை. சிலர் தேறியதால் வராமல் இருந்திருக்கலாம். சிலருக்கு வேலை, தூரம். அவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்காத ஆய்வு எனக்கு அரைகுறைதான். பணியிலிருக்கும் வீரர்களுக்கு அதே எக்ஸ்போஷர் சிகிச்சையை எட்டு வாரத்துக்கு இழுக்காமல் இரண்டே வாரத்தில் தினசரி கொடுத்துப் பார்த்தார்கள். பலன் குறையவில்லை. என்னிடம் ஆராய்ச்சிப் பணம் இருந்தால், புது மாத்திரைக்கு முன் இதை ஊர் ஊராகக் கொண்டுபோகத்தான் செலவழிப்பேன்.