அம்மாவின் கையில் இரண்டு வயது

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு பிரஷர் பார்க்க உட்கார்ந்தோம். பட்டையைச் சுற்றுவதற்காக ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். ரவிக்கைக் கை முடிகிற இடத்தில் அடிக்கோல் வைத்துக் கிழித்ததுபோல ஒரு கோடு. கோட்டுக்கு மேலே மாநிறத்தில் வழவழவென்று தோல். கிள்ளிவிட்டால் உடனே பழையபடி படிகிறது. கோட்டுக்குக் கீழே கரிய, தடித்த, குறுக்கும் நெடுக்குமாக வரி ஓடிய தோல். கோடைகாலத்தில் வற்றிய குளத்தின் தரை மாதிரி. கிள்ளினால் மடிப்பு அப்படியே கொஞ்ச நேரம் நிற்கிறது.

அம்மாவுக்கு 63 வயது. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் 34 வருஷம் வேலை பார்த்தவள். பாத்தியில் விளைந்த உப்பை வாரி வரப்பில் குவிப்பதும், அதைத் தலையில் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டுவதும்தான் வேலை. மேலே வெயில், காலடியில் வெள்ளை வெளேரென்று உப்பு. மேலிருந்து வருகிற வெளிச்சம் போதாதென்று கீழேயிருந்தும் எகிறி முகத்தில் அடிக்கும். கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே அவள் கண்ணோரத்தில் மட்டும் ஆழமாகச் சுருக்கம் விழுந்திருக்கிறது.

அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் இருப்பது ஒரே நாளில் பிறந்த தோல். ஒரே சோற்றில் வளர்ந்தது, ஒரே பிள்ளைப்பேற்றையும் ஒரே காய்ச்சலையும் பார்த்தது. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான், வெயில். அவள் கையில் நாம் "வயசாயிட்டு" என்று சொல்லுவதில் பெரும்பங்கு வயதுடையதே இல்லை. தோல் மருத்துவர்கள் இதை ஒளியால் வரும் மூப்பு என்று தனியாகவே பிரித்துப் பேசுகிறார்கள்.

"நமக்கென்ன, கறுத்த தோலு, வெயிலு ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அதில் பாதி உண்மை, அதை முதலில் மரியாதையோடு சொல்லிவிடுகிறேன். தோலுக்கு நிறம் தருகிற மெலனினைச் செய்கிற செல்களின் எண்ணிக்கை கறுத்தவர்களுக்கும் வெளுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நம் தோலில் அந்த நிறத் துகள்கள் பெரியவை, தனித்தனியாகப் பரவி நிற்பவை, சீக்கிரம் சிதையாதவை. செல்லின் கருவுக்கு மேலே குடை விரித்தாற்போல மெலனின் உட்கார்ந்துகொள்ளும். 1979-இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரில் ஒரு வகையான யுவி-பி, வெள்ளையரின் மேல்தோலைத் தாண்டி உள்ளே போனது 24 சதவீதம். கறுப்பினத்தவரின் மேல்தோலைத் தாண்டியது 7.4 சதவீதம்தான். பிறவியிலேயே மெலனின் இல்லாதவர்கள் இதே வெப்பநாட்டு வெயிலில் இளவயதிலேயே தோல் புற்றுநோய்க்கு ஆளாவதைப் பார்த்தால், இந்தக் கறுப்பு நம்மை எதிலிருந்து காத்து நிற்கிறது என்று தெரியும். இந்த நிறத்தைக் குறையென்று நினைக்கிற ஒவ்வொருவரும் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மறுபாதியை நமக்கு யாரும் சொல்வதில்லை. தரைக்கு வந்து சேருகிற புற ஊதாக் கதிரில் 95 சதவீதம் யுவி-ஏ. அது யுவி-பி மாதிரி மேலோடு நிற்பதில்லை, அடித்தோல் வரை இறங்கும். அங்கேதான் தோலைத் தாங்கிப் பிடிக்கிற கொலாஜன் இருக்கிறது. வெயில் பட்டதும் கொலாஜனை அறுக்கிற நொதிகள் சுரக்கின்றன, புதுக் கொலாஜன் உருவாவது மட்டுப்படுகிறது. அதே 1979 ஆய்வில் யுவி-ஏ கதிரில் 17.5 சதவீதம் கறுத்த மேல்தோலையும் தாண்டி உள்ளே போயிருக்கிறது. நம்முடைய மாநிறத்துக்கு அதைவிடக் கூடத்தான் இருக்கும்.

அதைவிட முக்கியமான ஒன்று. கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமே, அதிலும் நீல ஒளி, நம் போன்ற தோலைக் கறுக்க வைக்கும். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் கறுத்த, மாநிறத் தோல்களின்மேல் அந்த வெளிச்சத்தைப் பாய்ச்சியபோது படிந்த கருமை இரண்டு வாரம் வரை போகவில்லை. வெளுத்த தோலில் ஒன்றுமே ஆகவில்லை. அதாவது நம்மைக் காக்கிற அதே நிறச் செல்கள்தான் வெளிச்சத்துக்கு உடனே சிலிர்த்து எழுபவையும். அதனால் வெள்ளைக்காரர்களுக்கு முப்பதுகளிலேயே மெல்லிய சுருக்கமாக வருகிற மூப்பு, நமக்கு முதலில் நிறமாக வருகிறது. கன்னத்தில் மங்கு, நெற்றியோரக் கருமை, கண்ணுக்குக் கீழே கடுகு மாதிரி கறுப்பு மருக்கள். சுருக்கம் பிறகு பல வருஷம் கழித்து வந்து சேரும்.

என் ஆதங்கமே இங்கேதான். கன்னத்தில் மங்கு படர்ந்ததும் நம் வீடுகளில் யாரும் "தோல் காயப்பட்டிருக்கு" என்று சொல்வதில்லை. "முகம் கருகிப்போச்சு", "கலரு போயிட்டு" என்பார்கள். வெயிலின் காயத்தை நிறத்தின் குறையாகப் படித்துவிடுகிறோம். காயம் என்று தெரிந்தால் வெயிலைத் தடுக்கத் தோன்றும். குறை என்று நினைத்தால் வெளுக்கத்தான் தோன்றும்.

என் அம்மா வெளுக்கப் போனாள். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மருந்துக் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்த ட்யூப் அது. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்துச் சில வாரம் மட்டும், அவர் பார்வையில் போட வேண்டிய மருந்து. அம்மா இரண்டு வருஷம் போட்டாள். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனது, அக்கம்பக்கத்தில் நான்கு பேர் பெயர் கேட்டு வாங்கினார்கள். பிறகு கன்னத்தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, சிவப்பு நரம்பு தெரிய ஆரம்பித்தது. பூனைமுடி வளர்ந்தது. உப்பளத்துக்குப் போனால் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல எரிச்சல். நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகக் கறுத்தது, அதனால் மறுபடி போட்டாள். வெயில் ஏற்கெனவே காயப்படுத்திய தோலை மருந்தும் சேர்ந்து மெலிய வைத்து, அதே தோலைத் திரும்ப வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினோம். தோல் மருத்துவரிடம் காட்டி மீள ஒன்றரை வருஷம் ஆனது. பக்கத்தில் இருந்தும் அந்த ட்யூபின் பின்பக்கத்தை நான் படித்துப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது. 2018-இல் ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அரசு ஆணை வந்தது. கவுண்டரில் கேட்டாலே கிடைப்பதை அதற்குப் பிறகும் நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து உங்கள் வீட்டிலிருக்கிற ட்யூபை எடுத்துப் படியுங்கள். மொமெட்டசோன், குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று எது எழுதியிருந்தாலும் அது ஸ்டீராய்டு. ரொம்ப நாளாகப் போட்டுவருகிறவர்கள் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

வெயிலின் வேலையை நம்பாதவர்களுக்கு 2012-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த படத்தைச் சொல்வேன். அமெரிக்காவில் 28 வருஷம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர். ஜன்னல் பக்கமிருந்த இடது முகம் மட்டும் தடித்துத் தொங்கி, வலது முகத்துக்கு அண்ணன் மாதிரி இருந்தது. சாதாரணக் கண்ணாடி யுவி-ஏ கதிரை நிறுத்தாது. நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம், அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது டிரைவரண்ணன் வலது கையைப் பாருங்கள்.

தடுத்தால் பலன் உண்டு என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்கிற ஊரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை நாலரை வருஷம் பார்த்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோலில் மூப்பு 24 சதவீதம் குறைவு. அது பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள் ஊர். நமக்கு வேண்டியது இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன், அதுதான் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் மறைக்கும், மங்கு உள்ளவர்களுக்கு இதுவே நல்லது. ஆனால் கடையில் கேட்டால் நம் நிறத்துக்குப் பொருந்துவது கிடைப்பது குதிரைக்கொம்பு. பூசினால் விபூதி பூசினாற்போல வெளுத்து நிற்கிறது, அப்புறம் யார் தினமும் பூசுவார்கள்?

உப்பளத்தில் வியர்வை வழிய வேலை செய்கிறவர்களிடம் போய் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீம் பூசுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்கு வேண்டியது துணியும் நிழலும் நேரமும். நெருக்கமாக நெய்த, அடர்நிற, முழுக்கைச் சட்டை. வெள்ளை மெல்லிய பருத்தி வியர்வையில் நனைந்துவிட்டால் கதிரைத் தாராளமாக விட்டுவிடும். அகல விளிம்புத் தொப்பி, கீழிருந்து எகிறுகிற வெளிச்சத்துக்குக் கண்ணாடி. தன் நிழல் தன்னைவிடக் குட்டையாக இருக்கிற நேரத்தில் வேலை கூடாது. ஒவ்வொரு அளத்திலும் நாலு கால் நட்டு ஓலையாவது வேய்ந்த ஒரு கொட்டகை. இதைக் கொடுக்க வேண்டியது முதலாளிமார்கள், வாங்கித்தர வேண்டியது அரசு. ஒரு பெண்ணின் முகம் கருகியதற்கு அவளையே பொறுப்பாக்கி அவள் கூலியிலேயே கிரீம் வாங்க வைப்பது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை.

அம்மா கடைசிப் பத்து வருஷம்தான் அப்பாவின் பழைய சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு போனாள். அதுவும் உப்பு குத்தாமல் இருக்கத்தான், வெயிலுக்கென்று இல்லை.

பிரஷர் பார்த்து முடித்ததும் கையிலிருந்த கோட்டை அவளுக்குக் காட்டினேன். "யம்மா, இங்க பாரு, ஒனக்கு நெசமா வயசு இவ்ளோதான்" என்று மேல்கையைத் தொட்டுச் சொன்னேன். ரொம்ப நேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, நான் இந்தக் கலராட்டி இருந்தேன்?" என்றாள்.

சாயங்காலம் இரண்டு கருநீல முழுக்கைச் சட்டை வாங்கிவந்தேன். இப்போது அளத்துக்குப் போகிற என் சித்தி மகளுக்கு. 29 வயது, கன்னத்தில் லேசாக மங்கு தொடங்கியிருக்கிறது. கை நீளமாக இருக்கிறதென்று சொன்னேன். "நீளமாவே இருக்கட்டும், பொறங்கையும் மறையும்" என்று அம்மா ஊசியை எடுத்து, மணிக்கட்டுப் பட்டனை மட்டும் கொஞ்சம் தள்ளித் தைத்துக்கொண்டிருந்தாள்.