கொட்டுக்காளி: ஆட்டோ எந்தப் பக்கம் போனால் என்ன?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தின் முடிவைப் பற்றித்தான் முழுக்கப் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியானது. முதல் வாரமே நானும் அக்காவும் போனோம். கடைசிக் காட்சி முடிந்து திரை இருண்டதும் அரங்கில் சில நொடி ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "படம் முடிஞ்சிருச்சா?" இன்னொருவர், "அவ்வளவுதானா?" என்றார். சிலர் சிரித்தார்கள், சிலருக்கு நிஜமாகவே கோபம். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா மட்டும் எழுந்திருக்கவே இல்லை, விளக்கு போட்ட பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து இந்தப் படத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் இரண்டு கட்சிதான். "பாதியிலேயே நிறுத்திவிட்டு ஏமாற்றிவிட்டார்கள்" என்பது ஒன்று. "அதுதான் கலை, உனக்குப் புரியவில்லை" என்பது மற்றொன்று. இந்தப் படத்தைத் திரையரங்குக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது என்று திரைத்துறைக்குள்ளிருந்தும் ஒரு குரல் வந்தது. எனக்கு இரண்டு கட்சியோடும் ஒத்துப்போகவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கதை சின்னது. மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். வீட்டில் அதைக் காதல் என்று ஏற்க மனமில்லை. பேய் பிடித்திருக்கிறது, யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்கிறார்கள். முறைமாமன் பாண்டியும் இரண்டு குடும்பமும் சேர்ந்து, ஒரு ஆட்டோவிலும் பைக்குகளிலுமாக அவளைச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். பலி கொடுக்க ஒரு சேவலும் கூட வருகிறது. படம் முழுக்க அந்தப் பயணம்தான். பின்னணி இசை கிடையாது. போய்ச் சேர்ந்ததும், இவர்களுக்கு முன்னால் வந்த வேறொரு பெண்ணுக்கு அந்தச் சாமியாடி 'பேய் ஓட்டுவதை' பாண்டி பார்க்கிறான். அந்தப் பெண்ணின் மீது சாமியாடியின் கை போகிற விதத்தைப் பார்க்கிறான். மீனாவையும் அங்கே உட்காரவைக்கப் போகிறானா, திருப்பிக் கூட்டிப்போகப் போகிறானா? சொல்லாமலேயே படம் முடிகிறது.

நானும் முதலில் எல்லோரையும் போலத்தான் பாண்டியைப் பற்றி யோசித்தேன். வண்டி நிறுத்துமிடத்திலேயே அக்காவிடம் வாதாடினேன். "அவன் மாறிட்டான். அந்தப் பார்வையைப் பாத்தல்ல? திரும்பிக் கூட்டிட்டுப் போயிருவான்." சூரி அந்தக் காட்சியில் ஒரு வார்த்தை இல்லாமல் நடித்திருந்ததை அவ்வளவு நம்பினேன். அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "சரி, திரும்பிக் கூட்டிட்டுப் போறான். எங்க கூட்டிட்டுப் போறான்?"

எனக்குப் பதில் வரவில்லை. வீடு வந்து சேரும்வரை வரவில்லை.

அந்த ஒரு கேள்வியில் என் விளக்கம் மொத்தமும் சரிந்துவிட்டது. பாண்டி மனம் மாறி ஆட்டோவைத் திருப்பினாலும் மீனா போய்ச் சேரப்போவது அதே வீடு. அதே முறைமாமன், அதே கல்யாணப் பேச்சு. மாறாவிட்டால் சாமியாடியின் கை வழியாக அதே வீடு. முடிவு திறந்திருக்கிறது, திறந்திருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோமே, யாருக்குத் திறந்திருக்கிறது? பாண்டிக்கு இரண்டு வழி இருக்கிறது. மீனாவுக்கு இரண்டும் ஒரே இடத்தில் முடிகிற வழி.

இதைப் புரிந்துகொண்ட பிறகு இரண்டாம் முறை பார்த்தேன். முதல் முறை சும்மா கடந்துபோன பல விஷயங்கள் அப்போது கனமாக நின்றன. முக்கியமாகக் குரல். பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, கரகரத்த குரலில்தான் படம் முழுக்கக் கத்துகிறான். மீனா ஏறக்குறைய முழுப் படத்திலும் வாயே திறப்பதில்லை. ஒருவன் கத்திக் கத்திக் குரல் போனவன், இன்னொருத்தி குரல் இருந்தும் பேச மறுப்பவள். அந்த மறுப்பு அவளுடைய பதில். படத்தின் பெயரே அடங்காதவளைக் குறிக்கிற சொல். மீனாவின் நிலையில் குழப்பத்துக்கு இடமே இல்லை. முதல் காட்சியிலேயே அவள் முடிவு செய்துவிட்டாள். நாம்தான் அது பேச்சாக வரவில்லை என்பதற்காக அதைக் கணக்கில் எடுக்காமல், பாண்டி என்ன செய்வான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அவள் குரல் கொஞ்சம் வெளியே வருகிற ஓர் இடம் உண்டு. வழியில் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு கேட்கிறது. மீனா தன்னை மறந்து மெல்ல முணுமுணுக்கிறாள். பாண்டி அதைப் பார்த்துவிடுகிறான். அதற்கப்புறம் நடப்பதைத் திரையில் பார்ப்பதே கஷ்டம். மீனாவை மட்டுமல்ல, குறுக்கே வந்த பெண்களையும் சேர்த்து அடிக்கிறான். ஒரு பெண் ஒரு பாட்டை முணுமுணுத்ததற்கு. "பாண்டி அடிப்படையில் நல்லவன், பாவம், சூழ்நிலை" என்று எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: உங்கள் விளக்கத்துக்குள் இந்தக் காட்சி எங்கே உட்காருகிறது?

திறந்த முடிவு கொண்ட படம் என்றதும், "அவரவர் பார்வை, எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்" என்று கை கழுவிவிடுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. இயக்குநர் ஒன்றைச் சொல்லாமல் விட்டார் என்பது வேறு, எதையும் சொல்லவில்லை என்பது வேறு. வினோத்ராஜ் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு செயலை. மற்றதையெல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் காட்டியிருக்கிறார். ஒரு விளக்கம் சரியா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி, அது எந்தக் காட்சியைக் கண்டுகொள்ளாமல் விட்டால்தான் நிற்கிறது என்று பார்ப்பது. 'பாண்டி திருந்திவிட்டான்' என்ற என் விளக்கம் அந்த அடியை மறந்தால்தான் நின்றது. அதனால்தான் அதைக் கைவிட்டேன்.

கோபப்பட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நம் சினிமா நமக்குப் பதில் சொல்லியே பழக்கியிருக்கிறது. அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' 1950இல் வந்தது. ஒரே சம்பவத்தை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள், எது உண்மை என்று படம் கடைசிவரை உறுதிசெய்யாது. அதே பாணியில் ஆளுக்கொரு கதை சொல்லும் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' 1954இல் நம்மிடம் வந்தது. பாட்டே இல்லாமல் அன்றைக்கு அப்படியொரு படம் எடுத்ததே பெரிய துணிச்சல். ஆனால் அதிலும் கடைசியில் சுட்டது யார் என்று சொல்லிவிடுவார்கள். அவ்வளவு துணிந்த படமே அங்கே ரசிகனின் கையைப் பிடித்துக்கொண்டது. எழுபது வருடம் கழித்து ஒருவர் கையை விட்டால் தடுமாறத்தான் செய்வோம்.

ஆனால் இதெல்லாம் மேல்நாட்டு விழாப் படப் பாணி, நமக்கு ஒட்டாது என்று சொல்கிறவர்களிடம்தான் எனக்குப் பெரிய சண்டை இருக்கிறது. படம் 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டது என்பது உண்மை. இயக்குநரின் முந்தைய படம் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியதும் உண்மை. ஆனால் இந்தக் கதை எங்கிருந்தும் வரவில்லை. இது நம்மிடம் இரண்டாயிரம் வருடமாக இருக்கிற கதை.

சங்கப் பாட்டில் வெறியாட்டு என்று படித்திருப்போம். தலைவி யாருக்கும் தெரியாமல் ஒருவனைக் காதலிக்கிறாள். உடல் மெலிகிறது, நிறம் மாறுகிறது. தாய் பதறிப்போய், முருகன் அணங்கிவிட்டான், அதாவது பிடித்து வருத்துகிறான் என்று நினைத்து, முருகனுக்குச் சாமியாடும் பூசாரியான வேலனை வரவழைக்கிறாள். களம் அமைத்து, ஆட்டுக்குட்டியைப் பலி கொடுத்து, வேலன் ஆடுகிறான். மீனா, அவள் குடும்பம், சாமியாடி, சேவல். ஆட்டுக்குட்டிக்குப் பதில் சேவல் என்பதைத் தவிர என்ன மாறியிருக்கிறது?

குறுந்தொகையில் 362ஆம் பாட்டு. வேலன் பலிக்குத் தயாராக நிற்கிறான். தோழி அவனிடம், கோபப்படாதே, உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும் என்று ஆரம்பிக்கிறாள். சோறு படைத்து, குட்டியைக் கொன்று, இவள் நெற்றியைத் தடவிப் பலி கொடுக்கிறாயே, இவளை இப்படி ஆக்கிய மலைநாட்டானின் மாலை போட்ட மார்பும் அந்தப் பலியைத் தின்னுமா? "ஒண்தார் அகலமும் உண்ணுமோ பலியே." ஒரே கேள்வி. வெறியாட்டின் அடித்தளமே ஆட்டம் கண்டுவிடுகிறது. நற்றிணை 34இல் முருகனையே நேராகப் பார்த்து, இது உன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும் வந்து நிற்கிறாயே, நீ கடவுளே ஆனாலும் அறியாதவன்தான் என்கிற குரலும் உண்டு.

கேள்வி கேட்கிறவள் தலைவி இல்லை, தோழி என்பதைக் கவனியுங்கள். தலைவி அங்கேயும் பேசுவதில்லை. அவளுக்காக ஒருத்தி வாய் திறக்கிறாள். இது பேய் இல்லை, காதல் என்று போட்டு உடைக்கிறாள். அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். உண்மையைச் சொல்வதை அறத்தின் பக்கம் நிற்பதாகக் கருதியிருக்கிறார்கள்.

இப்போது படத்துக்குத் திரும்பி வாருங்கள். தாய் இருக்கிறாள், வேலன் இருக்கிறான், பலி இருக்கிறது, பேசாத தலைவி இருக்கிறாள். தோழி எங்கே?

இல்லை. அந்த ஆட்டோவில் அத்தனை பெண்கள் இருக்கிறார்கள், ஒருத்திகூட இது பேய் இல்லை என்று சொல்லவில்லை. தோழி இல்லாத வெறியாட்டு இது. அதனால்தான் எங்கும் போய் முடியாமல் அப்படியே நின்றுவிடுகிறது. பழைய பாட்டில் வேலனின் ஆட்டத்தை நிறுத்துவது தோழியின் பேச்சு. அந்தப் பேச்சை யாரும் பேசாதபோது, பார்த்துக்கொண்டிருக்கிற நம் தொண்டையில் அது வந்து சிக்கிக்கொள்கிறது. அரங்கில் "அவ்வளவுதானா?" என்று கத்தினாரே, அவர் குரலில் இருந்த தவிப்புகூட அதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. யாராவது ஏதாவது செய்யுங்களேன் என்கிற தவிப்பு.

பாண்டி நிறுத்துகிற மாதிரி முடித்திருந்தால் கைதட்டியிருப்போம். அந்த அடி அடித்தவனுக்கு, ஒரு காட்சியில், நாயகன் பட்டம் கிடைத்திருக்கும். சாமியாடியிடம் மீனாவை விட்டுவிடுகிற மாதிரி முடித்திருந்தால் அழுதுவிட்டு, சாமியாடியைத் திட்டிவிட்டு, வீட்டுக்குப் போயிருப்போம். இரண்டிலும் அந்த ஆட்டோவில் இருந்த மற்றவர்களை மறந்திருப்போம்.

உள்ளுறை பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்றைக் காட்டி, அதற்குள் வேறொன்றைச் சொல்லாமல் சொல்வதுதான் உள்ளுறை. காலில் கயிறு கட்டிய சேவலைப் பார்த்ததும் 'சேவல்தான் மீனா' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சரிதான், ஆனால் வழியை மறித்து நிற்கிற அந்தக் காளையை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பாண்டியோடு வந்த ஆண்கள், அவ்வளவு நேரம் அதட்டிக்கொண்டு வந்தவர்கள், கிட்டே போகப் பயந்து நிற்கிறார்கள். ஒரு சிறுமி வருகிறாள். சர்வசாதாரணமாகக் காளையை ஓட்டிக்கொண்டு போகிறாள். மீனா அதைப் பார்க்கிறாள். யாரும் எந்த விளக்கமும் சொல்வதில்லை. சொல்லாமல் சொல்கிற இந்த முறை நமக்குப் புதிதா என்ன? அகப்பாட்டில் குருகும் குரங்கும் யானையும் இதைத்தானே செய்துகொண்டிருந்தன.

இவ்வளவு சொன்ன பிறகும் படத்தின் மீது எனக்கு ஒரு குறை இருக்கிறது. கடைசித் தருணத்தைப் படமும் பாண்டியிடம்தான் கொடுத்தது. அவன் கண்ணில் தெரிகிற கலக்கத்தோடு நம்மை வெளியே அனுப்பியது. நூறு நிமிடம் மீனாவின் மௌனத்தைக் கட்டியெழுப்பிவிட்டு, முடிவில் ஏன் அவன் முகம்? பார்த்தவர்கள் எல்லோரும் பாண்டியைப் பற்றியே பேசியதற்குப் படமும் ஒரு காரணம் இல்லையா? ஆணின் மனசாட்சியைத் தொட்டுப் பார்க்க நினைத்திருக்கலாம். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது, ஆனால் முழுதாக ஏற்க முடியவில்லை.

போன வாரம் அக்காவிடம் இந்தத் தோழி விஷயத்தை உற்சாகமாகச் சொன்னேன். குறுந்தொகைப் பாட்டையும் வாசித்துக் காட்டினேன். கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள், படித்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "அந்த ஆட்டோவில இருந்த பொம்பளைங்க எல்லாம் ஒரு காலத்துல மீனா வயசுலதான இருந்திருப்பாங்க. அவங்கள எங்க கூட்டிட்டுப் போயிருப்பாங்க?"

மூன்றாம் முறை பார்க்கப்போகிறேன். இந்தத் தடவை பாண்டியையும் இல்லை, மீனாவையும் இல்லை, அவளுக்கு அக்கம்பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்களின் முகங்களை மட்டும்.